ஜன்னல் இல்லாத அறை

விற்பனை அதிகாரி சாவிக்கொத்தை விரலில் சுழற்றியபடி மாடிப்படி அருகே காத்திருந்தார். வீடு பார்க்க வந்த பெண்மணியோ சமையலறையை விட்டு நகர்வதாக இல்லை. குழாயைத் திறந்து மூடினார். இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார்.

"மேல நாலு படுக்கையறை இருக்கு மேடம். பார்த்தா அசந்துடுவீங்க."

"இருக்கட்டும் சார். அடுப்படி சரியா இருந்தாத்தான் வீடு. அது என்ன கதவு?"

"வேலைக்காரங்க ரூம். அதையெல்லாம் நீங்க பார்க்கணுமா?"

"திறங்களேன்."

ஒரு கட்டில் போட்டால் அப்புறம் நிற்க இடமிருக்காது. நாலு பக்கமும் வெறும் சுவர்.

"ஜன்னல் இல்லையே?"

"அந்தப் பக்கம் தோட்டம் மேடம். ஜன்னல் வச்சா வெளியிலேர்ந்து பார்க்க அழகா இருக்காது. வேலைக்காரங்கதானே, அட்ஜஸ்ட் பண்ணிப்பாங்க."

பெண்மணி போனை எடுத்தார்.

"அம்மா, வீடு லட்சணமா இருக்கு. அடுப்படியும் பெருசு. என் ரூமுக்குத்தான் ஜன்னல் இல்ல."

சாவிக்கொத்து சுழல்வது நின்றது. மறுமுனைக் குரல் அதிகாரிக்கும் தெளிவாகக் கேட்டது.

"தினமும் அங்க சமைக்கப் போறது நீ. உனக்குச் சரிப்படலேன்னா எங்களுக்கும் வேணாம். கிளம்பி வா."

அவர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார்.

"மேடம்," என்றார் அதிகாரி. குரல் இறங்கியிருந்தது. "நாளைக்கே சுவரை உடைச்சு ஜன்னல் வச்சுடலாம்."

"வைங்க சார். அப்புறம் வந்து மாடியைப் பார்க்கிறேன்."