ஒரு முழக் கயிறு

ஞாயிறு காலை வெயில் அனுப்பர்பாளையத்துப் பாத்திரக் கடையின் எவர்சில்வர் குடங்களில் பட்டு, கூரையில் நெளிகிறது. கண்ணாடி மேசை மேல் ஐந்து மடக்குக் கத்திகள். தங்கியிருக்கும் அறையில் பழம் நறுக்கவும், அடுத்த வாரம் தோழிகளோடு மலையேறும்போது கொண்டுபோகவும் விஜயராணிக்கு ஒன்று வேண்டும். ஒவ்வொன்றாக எடுக்கிறாள். கட்டைவிரலால் அலகைத் திறக்கிறாள், அது பூட்டிக்கொள்ளும் ‘டிக்’ சத்தத்துக்குக் காது கொடுக்கிறாள், மடக்கி வைக்கிறாள். மரப்பிடிக் கத்தியிடம் மட்டும் மறுபடி மறுபடி திரும்புகிறாள். ஆனால் எதையும் மேசையை விட்டு ஒரு முழத்துக்கு மேல் தூக்கவில்லை. அதைத்தான் கடைக்காரர் ஆத்தப்பன் வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“ஏனுங்க அம்மிணி, வாசல் வெளிச்சத்துல பாக்கறதுதானுங்க?”

அவள் தன் கையைப் பார்க்கிறாள், சிரிக்கிறாள். மரப்பிடியை அவர் பக்கம் நகர்த்துகிறாள். பிடியின் முனையில் ஒரு துளை. ஆத்தப்பன் அதில் சிவப்பு நைலான் கயிற்றைக் கோத்து முடிச்சுப் போடுகிறார்.

“இடுப்புல கட்டிக்கிட்டா தொலையாதுங்க.”

“பனியன் கம்பெனியில பதினோரு வருசமாப் பிசிறு வெட்டுறேண்ணே. தொலைஞ்சிரும்னு நூல் வெட்டுற ட்ரிம்மரை டேபிளோட கயித்துல கட்டியிருப்பாங்க. இம்புட்டுத் தூரந்தான் வரும். இங்கயும் கை அங்கனயே நின்னுக்கிருது.”

ஆத்தப்பனின் விரல்கள் முடிச்சிலேயே நிற்கின்றன.

“கூர் பாத்துக்கிறேண்ணே” என்று கத்தியை வாங்கி விரிக்கிறாள். கயிற்றை மடித்து அலகில் வைத்து ஒரே இழுப்பு; அறுந்துவிடுகிறது. கையை முழுக்க நீட்டி, கத்தியை வெயிலில் பிடித்தபடி வாசலுக்கு நடக்கிறாள். அறுந்த கயிறு மேசையிலேயே கிடக்கிறது.