படுத்தால் போகிற தலைவலி

"படுத்தா போயிடுற தலைவலி எங்கயாவது உண்டா டாக்டர்? நீங்களே சொல்லுங்க!"

டாக்டர், சலூன்காரரின் காதுக்குப் பின்னால், மூன்று வருஷத்துக்கு முந்தைய ஆபரேஷன் தழும்பின் மேல் ஒரு கருவியை வைத்து, அதில் தெரிந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். சலூன்காரர் கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தார்.

அவர் மனைவிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "எழுந்து நின்னா தலையைப் பிடிச்சுக்கிறாரு. கத்தரியை எடுத்தா கண்ணு இருட்டுதாம். படுத்த பத்தாவது நிமிஷம் பளிச்சுன்னு ஆயிடுறாரு. நேத்து கடைக்குள்ள எட்டிப் பார்த்தா, நாற்காலியைச் சாய்ச்சுப் போட்டுப் படுத்துக்கிட்டு, பக்கத்து பார்லர்க்காரியோட சிரிச்சுப் பேசிட்டிருக்காரு!"

"அந்தம்மா தண்ணி கொண்டுவந்து குடுத்தாங்கடி" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.

"ரெண்டு மாசமா தூக்கத்துலயும் வாய்க்குள்ளயே பேசிச் சிரிக்கிறீங்களே, அதுவும் அந்தம்மாகிட்டதானா?"

அவள் கைப்பேசி உறையைத் திறந்தாள், மூடினாள். டப். கோபம் வந்தால் அது ஒரு பழக்கம். ஆறு வாரமாகக் கடை பாதி நாள் பூட்டிக் கிடக்கிறது. வழக்கமாக வருகிறவர்கள் எல்லாம் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். இந்த லட்சணத்தில் சிரிப்பு வேறு என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

டாக்டர் கருவியைக் கீழே வைத்தார். "நடிப்பு இல்லம்மா. தலைக்குள்ள தேங்குற நீரை ஒரு குழாய் வழியா வயித்துக்கு இறக்கிவிடுறோம்ல, அந்தக் குழாயோட வால்வு தேவைக்கு மேல திறந்திருக்கு. நின்னா நீர் மடமடன்னு வடிஞ்சு வலிக்குது. படுத்தா வடியறது குறைஞ்சு வலி போயிடுது. போன வாரம்தான் சரி பண்ணி அனுப்பினேன், மறுபடியும் மாறியிருக்கு. இப்படியே போனா மூளையைச் சுத்தி ரத்தம் கசியும்."

அவள் பயந்துபோய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "அது எப்படித் தானா மாறும்?"

"தானா மாறாது. காந்தம் வச்சுத்தான் நாங்களே திருப்புவோம். யாரோ இவர் தலைக்குப் பக்கத்துல காந்தத்தைக் கொண்டுவர்றாங்க. அதுவும் வெகு நேரம்."

"நினைச்சேன்!" பயமெல்லாம் பறக்க, அவள் துள்ளி எழுந்தாள். "மணிக்கணக்கா உங்க தலைமாட்டுல யாரு? எவ அவ?"

சலூன்காரர் சிரித்துவிட்டார். "நீதான்டி! டாக்டர், ஆறு வாரமா நான் எப்ப முழிச்சாலும் இவ என் தலையணையைத்தான் சரி பண்ணிட்டிருப்பா. பேச்சுதான் இப்படி. இவ பக்கத்துல இருக்கான்னுதான் நான் நிம்மதியா தூங்குறேன்."

டாக்டரின் பார்வை அவள் கையில் நின்றது. "அந்த உறை தானா ஒட்டிக்குதே, எதனாலம்மா?"

அவள் உறையை வெறித்தாள். தூக்கத்தில் அவர் எவள் பெயரைச் சொல்கிறார் என்று கண்டுபிடிக்க ஆறு வாரம் முயன்றும், குறட்டையைத் தவிர எதுவும் சிக்கவில்லை. குரல் பதிவை ஓடவிட்டு அந்தக் கைப்பேசியைக் காந்த உறையோடு தினமும் அவர் தலையணை உறைக்குள், காதுக்கு நேராகச் செருகி வைத்தது அவள்தான்.