சம்பந்தியின் நாக்கு

“இந்த ரசத்துல மீன் சேர்ந்திருக்கு!”

இலையை மடிக்கவே போய்விட்டார் துரைசுவாமி. கல்பாத்தி அக்ரஹாரத்தில், அதுவும் நிச்சயதார்த்தப் பந்தியில், பிள்ளைக்கு அப்பா சொல்லக்கூடிய வார்த்தையா இது? வரிசையாக உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சாதத்தைப் பிசைந்தது பிசைந்தபடி கையை நிறுத்திவிட்டார்கள்.

ரசம் வைத்தவர் வேறு யாருமில்லை, பெண்ணுக்கு அப்பா சுந்தரேசனேதான். ஊர்க் கல்யாணங்களுக்கெல்லாம் சமைத்துப் போடுகிற மனுஷர். தன் ஒரே பெண்ணின் நிச்சயத்துக்கு இன்னொருத்தரை அடுப்பங்கரையில் விடுவாரா?

சாப்பாடு ஆனதும் தாம்பூலம் மாற்ற வேண்டியது. அது நின்று போனால் பெண்ணை அப்புறம் எவன் கேட்டு வருவான்? ரசத்தில் மீன் என்று பேச்சுக் கிளம்பினால் சுந்தரேசனைத்தான் எவன் சமையலுக்குக் கூப்பிடுவான்? பிழைப்பிலும் மண்.

“அபாண்டமாச் சொல்லாதீங்கோ சம்பந்தி! பருப்பு ஜலம், நன்னாப் பழுத்த தக்காளி. அவ்வளவுதான். பகவான் சத்தியம்!”

“தக்காளிக்கு ஏது ஓய் இந்த ருசி? இது உமாமி!”

ஆரம்பித்தாயிற்று! ஜப்பானில், கோபே பட்டணத்துப் பஞ்சுக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்துவிட்டு வந்ததிலிருந்து துரைசுவாமிக்கு வாயைத் திறந்தால் இந்த வார்த்தைதான். இனிப்பில்லை, புளிப்பில்லை, உப்புமில்லை. நாக்கிலேயே ஒட்டிக்கொண்டு, போக மாட்டேன் என்று அடம்பிடிக்கிற ஒரு ருசியாம். அதற்கு ஜப்பான்காரன் வைத்த பேராம்.

“தமிழ்ல இதுக்கு வார்த்தை உண்டோ? மலையாளத்துல உண்டோ? இங்கிலீஷ்காரனே திருதிருன்னு முழிக்கறான்!” என்று தெருவில் போகிறவனையெல்லாம் மடக்குவார். கேட்டுக் கேட்டு, புழையில் குளிக்க வருகிற பெண்டுகள்கூட, “இன்னிக்கு எங்காத்து மோர்க்கூட்டான் ஒரே உமாமியாக்கும்!” என்று சிரிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. அவர் மனைவி ராமலட்சுமிக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. “யாரோ மாமி பேர் மாதிரின்னா இருக்கு” என்பாள்.

கடல் தாண்டி வந்தவரை ஊர் சும்மா விடுமா? பிராயச்சித்தம் பண்ணி, பஞ்சகவ்யம் கொடுத்துத்தான் தெருவில் சேர்த்துக்கொண்டார்கள். “அங்கே இருந்த அத்தனை வருஷமும் மோருஞ்சாதத்தைத் தவிர வேறெதையும் தொடலை” என்று ஹோமத்துக்கு முன்னால் நின்று சத்தியம் பண்ணினார். அதற்குப் பிறகு ஆசாரத்தில் அவரை மிஞ்ச அந்தத் தெருவில் ஆளில்லை.

“ஜப்பான்ல மீனைக் கட்டை மாதிரி உலர்த்தி, சீவிப் போட்டுக் கொதிக்க விடுவான். அந்த ருசி அப்படியே இங்கே இருக்கு! மீன் சமைக்கிறவன் ஆத்துல எனக்குச் சம்பந்தமா? சிவ சிவா!”

உள்ளே பெண்ணின் அம்மா சேஷம்மாள் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு விசும்பினாள். சுந்தரேசன் ரசக் கரண்டியோடு இரண்டு கையையும் கூப்பினார். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

“யாரோ ஜப்பான்காரன் சொன்னதைக் கேட்டுண்டு என் பொண் தலையில கல்லைத் தூக்கிப் போடலாமா சம்பந்தி?”

துரைசுவாமிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“யாரோ சொன்னதைக் கேட்டுண்டு பேசற ஆளா நான்? இந்த நாக்கு சொல்றது ஓய், நாக்கு! கோபேயில அத்தனை வருஷம் பழகின நாக்கு, ஏமாந்து போகுமா?”



நிலைப்படி ஓரத்தில் நின்றிருந்த ராமலட்சுமி மெதுவாகக் கேட்டாள்.

“ஏன்னா, அத்தனை வருஷமும் மோருஞ்சாதம்னுதானே சத்தியம் பண்ணினேள்?”

துரைசுவாமி மனைவியைப் பார்த்தார். பந்தியைப் பார்த்தார். மடிக்கப் போன இலையை மெல்ல விரித்து, நீவிவிட்டுக்கொண்டார்.

“தக்காளிதான் ஓய்! சாட்சாத் தக்காளியேதான்! இன்னும் ஒரு கரண்டி விடும்.”