இருபது நாள்

மத்தியானம் மூன்று மணி. வேலை முடியும் தேதியைக் கேட்டு வாடிக்கையாளர் போனில் காத்திருக்கிறார். மியூட் பட்டனில் சின்னச் சிவப்பு வெளிச்சம். புராஜெக்ட் மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்க்கிறார். புதிதாக வாங்கிய ஏஐ, மூன்று வருடப் பதிவுகளைப் படித்துவிட்டுத் திரையில் எழுதியிருக்கிறது: 'வேலைக்கு ஆகும் நாட்களைக் குழு இரட்டிப்பாகச் சொல்கிறது. மேனேஜர் பாதியாக வெட்டுகிறார்.' "குட்டு உடைஞ்சிடுச்சு சார்," என்று சிரிக்கிறாள் சீனியர் புரோகிராமர். "நீங்க வெட்டுவீங்கன்னுதானே கூட்டிச் சொன்னோம்." "நீங்க கூட்டுவீங்கன்னுதானேம்மா வெட்டுனேன்." ஏசி முனகுகிறது. "சரி, இந்தத் தடவை நிஜமா எத்தனை நாள்?" அவள் சிரிப்பு அடங்குகிறது. "சத்தியமா தெரியல சார். இந்த ஏஐயை வச்சு நாம இன்னும் ஒரு வேலைகூட முடிச்சதில்லையே." அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மியூட்டை எடுக்கிறார். "இருபது நாள்ங்க," என்கிறார். "அப்ப பத்து நாள்ல முடிச்சிடுவீங்க," என்கிறது போன்.