எட்டுகிறதா, அண்ணே?

நெடும்பயண மோட்டார் சைக்கிள் ஒன்றுக்கு உயரமான ஹேண்டில்பார் பூட்டினார்கள். பழைய பிரேக் கேபிள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நீண்டது.

"எட்டுகிறதா, அண்ணே?" என்று ஹேண்டில்பார் கேட்டது.

"தாராளமாக!" என்றது கேபிள். எட்டவில்லை என்றால் தன்னைக் கழற்றி எறிந்துவிடுவார்களே என்று அதற்கு உள்ளூர நடுக்கம்.

"நேராக நிற்கும்போது எட்டும். மலைப்பாதையில் திரும்பும்போது?" என்றது கண்ணாடி.

"பின்னால் வருவதைப் பார்ப்பதுதானே உன் வேலை?" என்றது கேபிள்.

"அதைத்தான் பார்க்கிறேன்."

வண்டியின் சொந்தக்காரர் ஹேண்டில்பாரை முழுதாகத் திருப்பி வண்டியைத் தள்ளினார். கேபிள் விறைத்தது, யாரும் பிடிக்காமலே பிரேக் பிடித்தது.

"இந்த ஹேண்டில்பார் சரிப்படாது, கழற்றிவிடு," என்றார் மெக்கானிக்கிடம்.

"அண்ணே, நான் என்ன செய்தேன்?" என்றது ஹேண்டில்பார்.

ஹேண்டில்பார் இறங்கியதும் கேபிள் தளர்ந்தது. கண்ணாடியின் பக்கம் திரும்ப மட்டும் அதற்குத் துணிவு வரவில்லை.