ஒரே மூச்சில்

கட்டுமாவடி மதரஸாவில் பிற்பகல் வெயில் பாயின் மேல் நீளமாகக் கிடக்கிறது. காலையெல்லாம் மீன் கூவி விற்ற ஹவ்வா உம்மாள், ஈர்க்குச்சியால் வரியைத் தொட்டபடி குர்ஆன் ஓதுகிறார். எதிரே, அவருக்கு ஓதக் கற்றுக்கொடுக்கும் இருபத்திரண்டு வயது ஆலிமா ஹம்னா. நடுவில் மூச்சு வாங்கினால் பின்னால் போய்த் தொடங்க வேண்டிய நீண்ட வசனம். ஒரு மாதமாக ஹவ்வா உம்மாள் இங்கேதான் தடுக்கி நிற்கிறார். “சந்தைக் குரல் வேணாம்னு சொன்னது என் தப்பு மாமி. மீன் கூவுற மாதிரியே வயித்துலேர்ந்து எடுங்க” என்கிறாள் ஹம்னா. குரல் எழுகிறது. ஜன்னல் கம்பி அதிர்கிறது. ஈர்க்குச்சி எங்கும் நிற்காமல் வசனத்தின் கடைசி எழுத்தைத் தொடுகிறது. “சரியா ஆலிமா?” என்று பயந்து நிமிர்கிறார் ஹவ்வா உம்மாள். ஹம்னா சிரிப்பும் கண்ணீருமாகச் சொல்கிறாள்: “எனக்கே இந்த எடத்துல மூச்சு பத்தாது மாமி. இன்னொருக்கா ஓதுங்க, உங்ககிட்ட நான் பாடம் கேட்டுக்கிறேன்.”