பாட்டிலில் தண்ணீர்

நெஞ்சுக்குள் தேங்கி மூச்சை அடைத்த காற்றை வெளியேற்ற மாசானத்தின் விலாவில் செருகியிருந்த குழாய், கட்டிலுக்குக் கீழே ஒரு தண்ணீர் பாட்டிலில் முடிந்தது. அவர் மூச்சுக்குத் தக்க அந்தத் தண்ணீர் ஏறி இறங்கும். ஆஸ்பத்திரியில் அவர் நம்பியது அதை மட்டும்தான். தரை துடைக்க வந்தவள், "உடைஞ்சிரப் போவுது பெரியவரே" என்று பாட்டிலைத் தூக்கி மெத்தைமேல் வைத்தாள். தண்ணீர் குழாய்வழியே நெஞ்சை நோக்கி ஏறியது. "கொல்லப் பாக்கியாடி!" என்று அலறிக் குழாயை மடக்கி இறுக்கிப் பிடித்தார். நர்ஸ் ஓடிவந்து பாட்டிலைக் கீழே இறக்கினாள். "கைய எடுங்க தாத்தா. நீங்க விட்டாத்தான் தண்ணி ஆடும், மூச்சும் வரும்." மாசானம் எட்டிப் பார்த்தார். தண்ணீர் அசையாமல் நின்றது. உதடு நீலம் பாரிக்க, பிடியை இன்னும் இறுக்கினார். "மொதல்ல அது ஆடட்டும், பொறவு விடுதேன்."